ஹோம்ஸ் வாட்சனை என்னதான் செய்தார்? "நாக் அப்" பற்றி ஒரு சந்தேகம்

தாளடி | செவ்வாய், இரவு 10:42

நண்பர்களே, ஒரு சின்னப் பதிப்பகத்துக்காக ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் நாலைந்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது 1892இல் வெளிவந்த "ஸ்பெக்கிள்டு பேண்ட்". கதை நடப்பது 1883 ஏப்ரலில். காலை ஏழேகால் மணி. வாட்சன் கண்ணைத் திறந்தால் கட்டிலோரத்தில் ஹோம்ஸ் முழு உடுப்போடு நிற்கிறார். சாதாரணமாக ஹோம்ஸ் சீக்கிரம் எழுந்திருக்கிற ஆள் இல்லை. அப்போது அவர் சொல்கிற முதல் வாக்கியத்திலேயே நான் மாட்டிக்கொண்டேன். "உன்னை நாக் அப் செய்ததற்கு மன்னிக்கணும் வாட்சன், இன்று காலை எல்லாருக்கும் இதே கதிதான். ஹட்சன் அம்மாள் நாக் அப் செய்யப்பட்டார், அவர் அதை என்மேல் திருப்பினார், நான் உன்மேல்." (ஹட்சன் அம்மாள் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர்.)

"தூக்கத்திலிருந்து எழுப்புவது" என்று இடம் பார்த்தாலே புரிகிறது. ஆனாலும் பழக்கதோஷத்தில் இணைய அகராதி ஒன்றைத் திறந்தேன். முதல் பொருளே "கர்ப்பமாக்கு" என்று வந்தது. அன்று காலை அவர்கள் வீடு இருக்கும் பேக்கர் தெருவில் எல்லாருக்கும் அதே கதி என்று நினைத்துப் பார்த்ததில் அரை மணி நேரம் வேலை ஓடவில்லை.

கேள்வி இரண்டு. ஒரே சொல்லுக்கு இந்த இரண்டு பொருளும் எப்படி வந்தன? அப்புறம், இந்தச் சங்கிலியைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

அரைத்தூக்கம் | செவ்வாய், இரவு 10:58

முதல் பொருளையே போட்டுவிடுங்கள். முதல் பதிப்பு ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும்.

பருத்திநூல் | செவ்வாய், இரவு 11:30

லங்காஷயரில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் வயதானவர்கள் இன்றைக்கும் இதை எழுப்புவது என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். வந்த புதிதில் அதிகாலை விமானம் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா, "கவலைப்படாதே, நாலு மணிக்கு உன்னை நாக் அப் பண்ணிவிடுகிறேன்" என்றார். நான் ஆங்கிலம் கற்றது பெரும்பாலும் அமெரிக்கத் தொடர்கள் பார்த்து. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னபடி நாலு மணிக்கு வந்து தட்டினார்.

இந்த ஊர்ப்பக்கம் அது வெறும் வினைச்சொல் இல்லை, ஒரு தொழிலின் பெயர். நாக்கர் அப் என்று ஆள் இருந்தார்கள். பஞ்சாலை ஷிப்டு ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடங்கும். தாமதமானால் கூலியில் பிடிப்பார்கள், வாசல் கதவையே சாத்திவிடுகிற ஆலைகளும் உண்டு. அலாரக் கடிகாரம் வாங்க எல்லாருக்கும் வசதி கிடையாது, வாங்கினாலும் நம்ப முடியாது. அதனால் தெருவுக்கு ஒருவர் நீளமான மூங்கில் கழியோடு வருவார். கழி நுனியில் கம்பி கட்டியிருக்கும். மாடி ஜன்னல் கண்ணாடியில் அதை வைத்துக் கரகரவென்று உரசுவார். உள்ளே ஆள் எழுந்து ஜன்னலருகே முகம் காட்டும் வரை நகரமாட்டார். கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரனும் எழுந்துவிடுவான் அல்லவா? அவனிடம் காசு வாங்கவில்லையே, அவனை ஏன் இலவசமாக எழுப்ப வேண்டும்! கழிக்கு அதுதான் காரணம் என்று சொல்வார்கள்.

லண்டன் கிழக்கே லைம்ஹவுஸ் பகுதியில் மேரி ஸ்மித் என்ற அம்மாள் கழிக்குப் பதில் ஊதுகுழல் வைத்திருந்தார். காய்ந்த பட்டாணியை வாயில் போட்டு மாடி ஜன்னலைப் பார்த்து ஊதுவார். வாரத்துக்கு ஆறு பென்ஸ் கட்டணம். தலையில் தொப்பி, வாயில் குழல், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் அவர் படம் இணையத்தில் எங்கும் கிடக்கிறது. ஜான் டோபம் எடுத்தது.

மிளகாய்ப்பொடி | புதன், காலை 6:05

பட்டாணி ஊதி எழுப்புவதா! என் பையனுக்குத் தேங்காயே எறிந்தாலும் எழமாட்டான்.

சரி, அந்த எழுப்புகிறவரை யார் எழுப்புவார்கள்?

பருத்திநூல் | புதன், காலை 11:12

மிளகாய்ப்பொடி, இந்த ஊர்க்காரர்களும் இதே கேள்வியைக் கேட்டு அதை ஒரு நாக்குப் புரட்டலாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் எழுப்பியை எழுப்ப ஓர் எழுப்பி இருந்தார், அந்த எழுப்பியின் எழுப்பி எங்கள் எழுப்பியை எழுப்பாததால் எங்கள் எழுப்பி எங்களை எழுப்பவில்லை என்று போகும். நிஜத்தில் அவர்களில் பலர் இரவில் படுப்பதே இல்லை. எல்லாரையும் எழுப்பிவிட்டுப் பகலில் தூங்குவார்கள்.

டர்ஹம் பக்கம் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வேறு ஏற்பாடு. வீட்டு வெளிச்சுவரில் ஒரு சிலேட்டுப் பலகை பதித்திருப்பார்கள். தொழிலாளி படுக்கப் போகுமுன் மறுநாள் தனக்கு எத்தனை மணிக்கு ஷிப்டு என்று சாக்கட்டியால் எழுதி வைப்பார். சுரங்கக் கம்பெனியின் ஆள் அதைப் படித்துப் பார்த்து அந்த நேரத்துக்கு வந்து எழுப்புவார். 1940கள், 50களில் இந்தத் தொழில் பெரும்பாலும் ஒழிந்துபோனது. வட இங்கிலாந்தில் சில மூலைகளில் மட்டும் 1970களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது.

கண்ணாடிக்காரர் | புதன், மதியம் 1:20

நல்ல இழை. சார்லஸ் டிக்கன்ஸிடமும் இது வருகிறதே. "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" நாவலில் வாப்சல் என்பவர் நாக் அப் ஆனதால் கடுகடுவென்று இருந்தார் என்று ஓர் இடம். தூக்கத்தில் எழுப்பிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது.

வேர்ச்சொல் | புதன், மதியம் 2:47

கண்ணாடிக்காரர் ஐயா, அந்த மேற்கோளை இணையத்தில் பல இடங்களில் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். இடத்தைத் திறந்து பாருங்கள். தப்பியோடிய கைதிகளைத் தேடிச் சிப்பாய்களோடு சதுப்பு நிலம் முழுக்க அலைந்துவிட்டு ஜோ, சிறுவன் பிப், வாப்சல் மூவரும் வீடு திரும்புகிறார்கள். பிப்பை ஜோ முதுகில் தூக்கிக்கொண்டு வருகிறார். வாப்சலை அங்கே யாரும் எழுப்பவில்லை, அவர் தூங்கவே இல்லை. "நாக் அப்" ஆனார் என்றால் அங்கே அலுத்துச் சலித்து அக்கக்காகக் கழன்றுபோனார் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதுவும் சர்வசாதாரணமான பொருள்தான்.

ஆக, ஒரே காலத்தில் இந்தச் சொல்லுக்கு எழுப்பு, களைத்துப்போ, அவசரமாக ஒன்றைச் செய்து முடி என்று மூன்று பொருள் இருந்திருக்கிறது. திடீரென்று விருந்தாளி வந்தால் ஒரு சாப்பாட்டை நாக் அப் பண்ணுவது இன்றைக்கும் பிரிட்டனில் உண்டு. டென்னிஸில் ஆட்டத்துக்கு முன் சும்மா பந்தைத் தட்டிப் பழகுவதும் நாக் அப்தான்.

எழுப்பும் பொருள்தான் பழையது, 17ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. கர்ப்பப் பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வருகிறது. அதற்கு முன்பே "நாக்" என்ற சொல்லுக்கு இங்கிலாந்துக் கொச்சையில் உடலுறவு என்ற பொருள் இருந்தது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை இல்லை. தட்டு என்ற ஒரே சொல்லிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியே கிளைத்தவை. அடிமை ஏலத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது, அதை நம்பாதீர்கள். ஏலத்தில் சுத்தியல் தட்டி முடிப்பதற்கு நாக் டவுன் என்றுதான் பெயர்.

கண்ணாடிக்காரர் | புதன், மாலை 4:02

திறந்து பார்த்தேன். நீங்கள் சொல்வதே சரி. முப்பது வருஷம் வகுப்பில் பாடம் நடத்திய ஆள், யாரோ போட்ட மேற்கோளை நம்பிவிட்டேன். இத்தனைக்கும் புத்தகம் அலமாரியிலேயே இருந்தது.

போகட்டும், பிள்ளைகள் என்னிடம் வருஷாவருஷம் கேட்டு நான் மழுப்பிய கேள்வி ஒன்று. வேக், வேக்கன், அவேக், அவேக்கன். விழிப்பது என்ற ஒரே வேலைக்கு ஆங்கிலத்தில் நாலு வினை எதற்கு? எது தன்வினை, எது பிறவினை?

வேர்ச்சொல் | புதன், இரவு 9:15

ஐயா, நீங்கள் மழுப்பியதில் தப்பே இல்லை. ஆங்கிலமே ஆயிரம் வருஷமாக மழுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. வக்கன் என்று ஒன்று: விழித்தெழு, தோன்று, பிற என்ற பொருள். இதன் இறந்தகாலம் "வோக்" மாதிரி உயிரை மாற்றிக்கொள்ளும். வக்கியன் என்று இன்னொன்று: தூங்காமல் விழித்திரு, காவல் இரு. இந்த இரண்டும் பின்னால் கலந்து ஒரே "வேக்" ஆகிவிட்டன. இவற்றோடு "ன்" சேர்த்து, ஆகத் தொடங்குவதைக் குறிக்கிற ஒரு வடிவம் வேக்கன் ஆனது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் "அ" போட்டு இன்னும் இரண்டு. எல்லாமே முதலில் தன்வினைப் பக்கம்தான் சாய்ந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றும் பிறவினையாகவும் ஓடத் தொடங்கியது. இன்றைக்கு நாலையும் எப்படி வேண்டுமானாலும் போடலாம். உருவகப் பொருளுக்கு அவேக்கன் கொஞ்சம் எடுப்பாக இருக்கும், காலைக் காபிக்கு வேக் அப் போதும். அவ்வளவுதான் நடைமுறை.

நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. எழு, எழுப்பு. ஒரு "ப்பு" போட்டால் வேலை முடிந்தது. ஜெர்மன்காரனும் பிரித்து வைத்திருக்கிறான், தானாக விழிப்பதற்கு ஒரு வினை, பிறரை எழுப்புவதற்கு "வெக்கன்" என்று வேறு வினை. அவன் ஊரில் அலாரக் கடிகாரத்துக்குப் பெயரே "வெக்கர்". எழுப்பி!

என்னை மிகவும் பிடித்தாட்டியது அந்த இரண்டாவது பழைய வினைதான். தூங்காமல் காவல் இரு என்ற அதன் உடன்பிறப்புதான் "வாட்ச்". இரவுக் காவல், கப்பலில் முறைவைத்து விழித்திருக்கும் நேரம் எல்லாம் வாட்ச். 15ஆம் நூற்றாண்டில் தூங்குகிறவர்களை எழுப்பும் மணிக்கூண்டுப் பொறிக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சட்டைப்பையில் வைக்கும் சின்னக் கடிகாரத்துக்கு அதே பெயர். நாம் கையில் கட்டியிருப்பது சொல்லளவில் ஒரு காவல்காரன்.

தமிழேதாய் | புதன், இரவு 10:01

எல்லாம் சரி, வேர் எங்கே என்று சொல்லவில்லையே. விழி, வேக். அப்படியே ஒத்துப்போகிறது. நம்மிடமிருந்து போனதுதான் இது. இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

வேர்ச்சொல் | புதன், இரவு 10:40

ஒத்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டு சொல் காதுக்கு ஒத்துப்போனால் போதாது, ஒலிகள் வரிசையாக ஒத்துப்போக வேண்டும். லத்தீனில் விழித்திருப்பவனுக்கு "விகில்" என்று பெயர். விஜில், விஜிலென்ஸ் எல்லாம் அதன் வழி வந்தவை. லத்தீனில் "க" மெல்லொலியாக இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் வல்லொலிக் "க்" வரும். முழங்காலுக்கு லத்தீனில் "கெனு", ஆங்கிலத்தில் முன்பு "க்னீ" என்று உச்சரித்த "நீ" (knee). வயலுக்கு லத்தீனில் "அகெர்", ஆங்கிலத்தில் ஏக்கர். அதே கணக்கில் விகில், வேக். இப்படிப் பத்து இருபது ஜோடி வரிசைகட்டி நிற்கும்போதுதான் உறவு உறுதி. விழியில் இருக்கும் நம் ழகரத்துக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

அந்த மூல வேருக்கு வலிமையாக இரு, துடிப்போடு இரு என்று பொருள் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் துடிப்பாக வளர்வது என்ற பொருளில் வெஜிடபிளும் அதே வேர். வடமொழி வஜ்ரமும் அங்கேதான் வருகிறது. பட்டாளத்தில் காலையில் பியூகிள் ஊதும் "ரெவெலி" பிரெஞ்சு வழியாக வந்த அதே விகில்தான். எழுந்திருங்கள் என்ற ஏவல்.

ஒத்த ஒலியால் ஏமாறுவதற்கு ஆங்கிலத்துக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கப்பல் போன பின் தண்ணீரில் விழும் தடத்துக்கும் "வேக்" என்று பெயர். எழுத்து, உச்சரிப்பு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அது வட ஐரோப்பிய மாலுமிகளின் மொழியில் பனிக்கட்டியில் விழுந்த பிளவைக் குறித்த சொல். இதற்கும் தூக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அரைத்தூக்கம் | புதன், இரவு 10:52

ஆக, முழித்துக்கொண்டிருப்பவனும் முட்டைக்கோசும் ஒரு வேர். இதை என் மனைவியிடம் சொல்லாதீர்கள்.

மிளகாய்ப்பொடி | வியாழன், காலை 5:50

எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் எழுப்பு என்று அதிகம் சொல்வதில்லை, உசுப்பு என்போம். "நாலு மணிக்கு உசுப்பி விடு." அதே சொல் சண்டை மூட்டவும் போகும், உசுப்பேத்துவது. ஆங்கிலத்தில் ரவுஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதே இரண்டு வேலையும் செய்கிறதோ?

வேர்ச்சொல் | வியாழன், காலை 8:33

அருமையான ஜோடி. ரவுஸ் முதலில் வேட்டைக்காரர்களின் சொல். பழக்கிய ராஜாளி இறகுகளை விரித்து உடம்பைச் சிலிர்த்து உதறிக்கொள்வதற்குத்தான் அப்படிச் சொன்னார்கள். பிறகு புதரில் பதுங்கிய விலங்கைக் கிளப்புவது. அதற்கப்புறம்தான் மனிதரைத் தூக்கத்திலிருந்து கிளப்புவது. ரொம்பப் பின்னால் வந்தது உணர்ச்சியைக் கிளப்புவது. உங்கள் உசுப்பும் நாயை உசுப்பிவிடுவதில் இருக்கிறது, கவனித்தீர்களா?

சிக்னல்கம்பம் | வியாழன், இரவு 9:20

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். பருத்திநூல் சொன்ன ஆள் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்.

அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன், பிறகு டிரைவர். மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் காலம். ரயில்வே காலனியில் குடியிருந்தோம். எந்த வண்டிக்கு எப்போது போக வேண்டும் என்று முன்கூட்டித் தெரியாது, சரக்கு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் டூட்டிக்குக் கூப்பிட ஷெட்டிலிருந்து கால் பாய் (call boy) வருவான். பாய் என்றுதான் பெயர், எங்கள் காலனிக்கு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சைக்கிள், கையில் ஒரு ராந்தல், கக்கத்தில் கால் புத்தகம்.

கதவைத் தட்டமாட்டார். ஜன்னல் கம்பியில் சைக்கிள் சாவியை வைத்து டிரிங் டிரிங் என்று இழுப்பார். "டிரைவர் சார், கால்!" அவ்வளவுதான் வசனம். அம்மாவுக்கு அந்தச் சாவிச் சத்தத்திலேயே விழிப்பு வந்துவிடும், அப்பாவுக்கு வராது. அம்மா உலுக்கி, அவர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து, ராந்தல் வெளிச்சத்தில் அந்தப் புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துத்தான் முக்கியம். போட்டுவிட்டால் அப்புறம் என்னை எழுப்பவில்லை என்று சொல்ல முடியாது. போடாவிட்டால் கால் பாய் தலைக்குத்தான் வரும். ஒருமுறை அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுத் திண்ணையிலேயே மறுபடியும் சாய்ந்துவிட்டார். அந்தக் கிழவர் இரண்டு வீடு தள்ளிப் போனவர் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் ராந்தலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா எழுந்து உட்கார்ந்த பிறகுதான் போனார்.

டர்ஹம் சிலேட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. இங்கிலாந்து லோகோ ஷெட்டுகளிலும் எஞ்சின் துடைக்கும் பையன்களை விடியற்காலையில் அனுப்பி டிரைவர்களை எழுப்பும் வழக்கம் இருந்தது. அங்கிருந்து வந்த ஏற்பாடுதான் இது. எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய டிரைவர் கால் பாயைப் பார்த்து, "நாக் மீ அப் அட் த்ரீ, மேன்" என்று சொல்வதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னொரு பொருள் இருப்பது இந்த இழையைப் பார்த்துத்தான் தெரியும்.

தாளடி | வியாழன், இரவு 9:48

சிக்னல்கம்பம் ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அந்த ராந்தல் போதும் எனக்கு.

கண்ணாடிக்காரர் | வியாழன், இரவு 10:15

எழுப்புவது வேலை என்றால் நம் பழைய இலக்கணத்திலும் அதற்குத் துறை உண்டு. தொல்காப்பியம் "துயிலெடை நிலை" என்று சொல்கிறது. பாசறையில் தூங்கும் அரசனைச் சூதர் புகழ்பாடி எழுப்புவது. கழியும் இல்லை, பட்டாணியும் இல்லை, பாட்டு. ஆலைத் தொழிலாளிக்கு எவன் பாடுவான்?

பருத்திநூல் | வெள்ளி, மாலை 5:33

போலீஸ்காரர்களைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. இரவு ரோந்துப் போலீஸ்காரர்களும் உபரிக் காசுக்கு இதைச் செய்தார்கள். தெருவில் எப்படியும் நடக்கத்தானே வேண்டும்.

1888 ஆகஸ்ட் 31, விடியற்காலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். லண்டன் ஒயிட்சேப்பலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு வண்டிக்காரர்கள் பக்ஸ் ரோ என்ற தெருவில் ஒரு பெண் கிடப்பதைப் பார்க்கிறார்கள். பின்னால் ஜாக் தி ரிப்பர் வழக்கு என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட வரிசையில் முதலாவதாக எண்ணப்படும் மேரி ஆன் நிக்கல்ஸ். அவர்கள் ஹான்பரி தெரு மூலையில் ஜோனஸ் மைசன் என்ற கான்ஸ்டபிளைப் பார்த்துச் சொல்கிறார்கள். அவர் அப்போது வீடு வீடாக நாக் அப் செய்துகொண்டிருந்தார். இருவரில் ஒருவர், நாங்கள் சொன்ன பிறகும் அவர் எழுப்புவதை நிறுத்தவில்லை என்று குற்றம்சாட்டினார். மைசன் விசாரணையில் அதை மறுத்தார். ஏற்கனவே தொடங்கியிருந்த ஒரே ஒரு ஆளை எழுப்பி முடித்தேன், வேறில்லை என்றார்.

அந்த ஒரு ஆள் யாரோ. அன்றைக்கு நேரத்துக்கு வேலைக்குப் போயிருப்பார்.

அப்புறம் இன்னொன்று. இங்கே "வேக்ஸ் வீக்" என்று ஒரு வழக்கம் இருந்தது. ஊர்த் தேவாலயத்துப் புனிதரின் நாளுக்கு முந்தைய இரவு கண்விழித்து வழிபடுவதுதான் அந்த "வேக்". நம் சிவராத்திரி மாதிரி. அது திருவிழாவாகி, ஆலைக் காலத்தில் ஊர் ஊராக ஒரு வாரம் மொத்த ஆலைகளையும் மூடும் விடுமுறை ஆனது. ஒரு வாரம் ஓல்டம், இன்னொரு வாரம் வேறு ஊர். ஜனங்கள் ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். விழித்திருப்பதற்கென்று பெயர் வைத்த வாரத்தில்தான் இந்த ஊர்க்காரர்கள் ஆசைதீரத் தூங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். இறந்தவர் உடலருகே ஊர்கூடி இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் அயர்லாந்துக்காரர்களின் "வேக்" கூட இதே சொல்தான். இறந்தவரை எழுப்புவதற்காக இல்லை, அவருக்குத் துணையாகத் தூங்காமல் இருப்பது.

தமிழேதாய் | வெள்ளி, இரவு 7:10

"வோக்" என்று இப்போது அமெரிக்காவில் அடித்துக்கொள்கிறார்களே, அதையும் சொல்லிவிடுங்கள். என் கருத்தில் அந்த அரசியல்

நெறியாளர் | வெள்ளி, இரவு 7:25

மேலே உள்ள பதிவின் மீதியை அரசியல் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். சொல் வரலாறு மட்டும் இங்கே.

வேர்ச்சொல் | வெள்ளி, இரவு 8:02

சொல் வரலாறு சுருக்கமாக. கறுப்பின மக்களின் பேச்சு ஆங்கிலத்தில் விழிப்போடு இருக்கும் நிலைக்கே "வோக்" என்று சொல்வார்கள். 1938இல் லெட் பெல்லி என்ற பாடகர், அலபாமாவில் பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய ஒன்பது கறுப்பின இளைஞர்களைப் பற்றிப் பாடிவிட்டு, அந்தப் பக்கம் போகிறவர்கள் வோக் ஆக இருங்கள், கண்ணைத் திறந்து வைத்திருங்கள் என்று பேசிய ஒலிப்பதிவு இருக்கிறது. கண்ணயர்ந்தால் உயிர் போகும் ஊரில் சொன்ன எச்சரிக்கை அது. 1962இல் வில்லியம் மெல்வின் கெல்லி நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே இந்தச் சொல் ஏறிவிட்டது. கூட்டிக்கழித்துப் பார்த்தால் அந்தப் பழைய வக்கியன்தான், தூங்காமல் காவல் இரு.

தாளடி | சனி, காலை 10:10

சரி, என் வாக்கியத்துக்கு வருகிறேன். மூன்று தடவை மாற்றி எழுதினேன்.

"நாக் அப்" என்பதில் அந்த "அப்" தான் உதைத்தது. மாடி ஜன்னல் என்பதால் "அப்" என்று முதலில் நினைத்தேன், ஆனால் எழுந்திரு என்பதில் உள்ள மேல்நோக்கு மட்டும்தான் அது. தமிழில் எழு என்ற சொல்லுக்குள்ளேயே அந்த மேல்நோக்கு இருக்கிறது. ஆகவே தட்டி எழுப்பு, முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை, சேர்த்து "தட்டியெழுப்பு" என்று எழுதினால் மேடைப் பேச்சு ஆகிவிடுகிறது, உறங்கும் இனத்தைத் தட்டியெழுப்புவோம் மாதிரி. பிரித்து எழுதினால்தான் கதவு.

இப்போதைக்கு இப்படி: "தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிக்கணும் வாட்சன். இன்றைக்கு இந்த வீட்டில் எல்லார் தலையெழுத்தும் இதுதான். யாரோ வந்து ஹட்சன் அம்மாளைத் தட்டி எழுப்ப, அவர் தன் பங்குக்கு என்னை எழுப்ப, நான் என் பங்குக்கு உங்களை."

கண்ணாடிக்காரர் | சனி, காலை 11:05

"பங்குக்கு" நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் உங்களையா, உன்னையா? முதல் பதிவில் உன்னை என்று போட்டிருந்தீர்கள். ஒரே வீட்டில் குடியிருக்கும் நண்பர்கள்.

தாளடி | சனி, காலை 11:30

ஆங்கிலத்தில் அவர்கள் கடைசிவரை ஒருவரையொருவர் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "நீங்கள்" என்பதுதான் சரி என்று தோன்றுகிறது. புத்தகம் முழுக்க அப்படியே வைத்துவிட்டேன், இனி மாற்றச் சொல்லாதீர்கள்.

மிளகாய்ப்பொடி | சனி, மதியம் 12:15

என் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. ஹட்சன் அம்மாளை எழுப்பியது யார்? அந்த யாரோவை எழுப்பியது யார்?

தாளடி | சனி, மதியம் 12:40

கீழே வரவேற்பறையில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருக்கும் ஹெலன் ஸ்டோனர் என்ற பெண். அவளை யாரும் எழுப்பவில்லை. முந்தைய இரவு ஒரு சீட்டிச் சத்தம் கேட்டுப் பயந்துபோய், விளக்கை ஏற்றிவிட்டு, மறுபடி படுக்கவே இல்லை. ஆறு மணிக்கு முன்பே கிளம்பிக் குதிரை வண்டியில் லெதர்ஹெட் ஸ்டேஷனுக்கு வந்து, வாட்டர்லூ போகும் முதல் ரயிலைப் பிடித்திருக்கிறாள்.

சிக்னல்கம்பம் | சனி, மதியம் 12:52

முதல் ரயிலா? அப்படியென்றால் அதன் டிரைவரை ஷெட்டிலிருந்து ஒரு பையன் வந்து எழுப்பியிருப்பான். மூன்றரை, நாலு மணி இருக்கும்.